தூரம் ஒன்று, நேரம் பல

ஓர் ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பழைய கிராமத்து முதியவர் ஒருவரை வினாவினால் அவர் மைற்கணக்குக் கூறமாட்டார். அண்மையிலுள்ள ஊராயின் ‘கூப்பிடு தூரம்’ என்பார். சற்று அப்பால் உள்ளதாயின் ‘அரை நாள் நடை’ என்பார். நெடுந்தொலைவாயின் ‘இரண்டு நாள் வண்டிப் பயணம்’ என்பார். அவர் கையிலிருந்த அளவுகோல் மனிதனின் குரலும், அவன் காலும், அவன் வண்டி மாடுமே. தூரம் என்பது அதைக் கடப்பவனுக்குச் செல்லும் நேரமே என்று அவர் கருதினார்.

விமானங்கள் பறக்கும் இக்காலத்திலோ தூரமும் நேரமும் இரு வேறு எண்களாகப் பிரிந்து நிற்கின்றன. உலகின் இரு மூலைகளிலுள்ள இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னால், இடைத்தூரம் இத்தனை கிலோமீற்றர், பயண நேரம் இத்தனை மணித்தியாலம் என்று நொடிப்பொழுதில் விடை கிடைத்துவிடுகிறது. இரண்டு எண்களும் ஒரே உறுதியுடையன போலத் தோன்றுகின்றன. ஆயினும் அவற்றின் இயல்பு ஒன்றன்று. தூரம் பூமியின் சொத்து, அது மாறுவதில்லை. நேரமோ பொறியின் வலிமையாலும், காற்றின் போக்காலும், இவை இரண்டிலும் மேலாக நாடுகளிடையே நிலவும் அமைதியினாலும் நாளுக்கு நாள் மாறுவது.

இவ்வுண்மையை விளக்க வெகு தொலைவிற் சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இலங்கையின் தென்கரையிலே, காலி நகரத்துக்கு அண்மையில், கொக்கலை என்றொரு வாவி இருக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் இவ்வாவியிலிருந்து எழுந்த விமானங்கள் இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து, அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரத்துச் சுவான் நதியிற் போய் இறங்கின. இடையில் ஓரிடத்திலும் அவை தங்கவில்லை. நேரக் கணக்கில், பயணிகளை ஏற்றி நடத்தப்பட்ட இடைநில்லாச் சேவைகளுள் இன்று வரை மிக நீண்டது இதுவே.

முதலில் தூரத்தைக் கவனிப்போம். சுவரிலே தொங்கும் தட்டையான படத்தில் இரு ஊர்களுக்கிடையே கோல் வைத்துக் கோடிழுத்தால் கிடைப்பது குறுகிய வழியன்று. உருண்டையான பூகோளத்தின் மீது ஒரு நூலை இரண்டு இடங்களுக்குமிடையில் இறுக இழுத்துப் பிடித்தால் அந்நூல் எவ்வழி படிகிறதோ அதுவே மிகக் குறுகிய வழி. கணித நூலார் இதனைப் பெருவட்ட வழி என்பர். கொக்கலைக்கும் பேர்த்துக்கும் இடையில் இவ்வாறு அளந்தால் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர், அதாவது 3,500 மைல் வரும். 1943 ஆம் ஆண்டிலும் அத்தூரம் அதுவே; இன்றும் அதுவே. அவ்வழி முழுவதும் கடல். நடுவழிக்கு அண்மையிற் கொக்கோஸ் என்னும் சிறு தீவுக் கூட்டம் ஒன்றே உண்டு.

இத்தனை பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டவேண்டிய தேவை எவ்வாறு நேர்ந்தது? யுத்தத்துக்கு முன் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் விமானங்கள் படிப்படியாகவே சென்றன. 1938 ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய நீர்விமானச் சேவை, சிட்னியிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூர், இந்தியா, எகிப்து ஆகிய நாடுகளின் வழியாக, இரவிலே தங்கிப் பகலிலே பறந்து, ஏறக்குறைய பத்து நாளில் இங்கிலாந்தை அடைந்தது. கடற்பயணத்துக்குப் பல வாரங்கள் சென்ற அக்காலத்திற் பத்து நாள் என்பது பெரும் வியப்பு. அச்சேவை ஒரு சங்கிலி போன்றது. ஒவ்வொரு நிலையமும் அதன் ஒரு கண்ணி.

1942 பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அடுத்த மாதம் யாவாவும் வீழ்ந்தது. சங்கிலியின் நடுக்கண்ணிகள் அறுந்தன. அவுஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் விமானத்தொடர்பே இல்லையாயிற்று. நிலப்பரப்பில் ஓரடியும் கூடவில்லை, குறையவுமில்லை. எனினும் நேற்று வரை அண்டை வீடு போலிருந்த இரு நாடுகள் ஒரே நாளில் ஒன்றற்கொன்று எட்டாத தொலைவாயின.

இலங்கையும் அந்நாட்களில் அச்சத்தின் நடுவில் இருந்தது. கொக்கலை வாவியிற் பிரித்தானிய விமானப்படை ஒரு நீர்விமானத் தளத்தை அமைத்திருந்தது. 1942 ஏப்பிரல் 4 ஆந் திகதி அங்கிருந்து காவற்பறப்புக்குச் சென்ற கனேடிய விமானி லியனாட் பேர்ச்சல் என்பவர், இலங்கையை நோக்கி வந்து கொண்டிருந்த யப்பானியக் கடற்படையைத் தெற்கே வெகு தொலைவிற் கண்டார். கண்டவுடன் வானொலி மூலம் செய்தி அனுப்பினார். செய்தி போய்க்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவரும் உயிர் பிழைத்த தோழரும் சிறைப்பட்டனர். மறுநாட் காலை கொழும்பும், ஏப்பிரல் 9 ஆந் திகதி திருகோணமலையும் தாக்குண்டன. ஆயினும் எதிரி இன்னும் தொலைவில் இருக்கிறான் என்ற அந்த ஒரு செய்தியினாற் பாதுகாப்புக்குச் சில மணித்தியாலங்கள் கிடைத்தன. கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்னதாகவே விலக்கப்பட்டன. தூரமே நேரமாகி நாட்டுக்குத் துணைசெய்த நாள் அது.

இத்தகைய சூழ்நிலையிலேதான் அறுந்த சங்கிலியை வேறொரு வழியாக இணைக்கும் எண்ணம் பிறந்தது. நிலவழியும் தீவுவழியும் மூடப்பட்டுவிட்டன. எஞ்சியது திறந்த சமுத்திரம் ஒன்றே. அவுஸ்திரேலிய விமானி பி. ஜி. டெய்லர் என்பவர் 1939 ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து கொக்கோஸ் தீவுகள், டீகோ கார்சியா வழியாகக் கென்யாவின் மொம்பாசாத் துறைமுகம் வரை பறந்து, இந்து சமுத்திரத்தை விமானத்தாற் கடக்கலாம் என்பதைக் காட்டியிருந்தார். ஆனால் அவர் தீவுகளில் இறங்கி இறங்கிச் சென்றவர். யுத்தகாலத்திற் கொக்கோஸ் தீவுகள், யாவா சுமாத்திராவிலிருந்த யப்பானிய விமானங்கள் எட்டும் தொலைவில் இருந்தமையால் அங்கே தங்குதல் ஆகாது. எனவே கரையிலிருந்து கரைக்கு ஒரே பறப்பு என்பது முடிவாயிற்று.

அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்திடம் இப்பணிக்கென ஐந்து கற்றலீனா நீர்விமானங்கள் கொடுக்கப்பட்டன. 1943 ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் சேவை ஆரம்பமாயிற்று. ஐந்து விமானங்களுக்கும் ஐந்து விண்மீன்களின் பெயர் சூட்டப்பட்டது: அல்ரேயர், வேகா, றைஜெல், அன்ராறீஸ், ஸ்பைக்கா. இவை தமிழ் மக்களுக்கு அறிமுகமற்ற மீன்கள் அல்ல. அல்ரேயர் என்பது திருவோணம். வேகா என்பது அபிசித்து. அன்ராறீஸ் என்பது கேட்டை. ஸ்பைக்கா என்பது சித்திரை. றைஜெல் என்பது, திருவாதிரை மீனை ஒரு தோளிலே கொண்ட வேட்டுவன் உருவத்தின் காலடியில் ஒளிரும் மீன். நாள் பார்ப்போர் பஞ்சாங்கத்தில் வழங்கும் பெயர்களே, அறிந்தோ அறியாமலோ, அவ்விமானங்களின் நெற்றியிலும் விளங்கின.

இப்பெயர்கள் அழகுக்காக மட்டும் இடப்பட்டனவல்ல. அவ்விமானங்களுக்கு வழிகாட்டியவை விண்மீன்களே. நடுக்கடலிலே கலங்கரை விளக்கமில்லை. விமானத்திலே வானொலிப் பொறி இருந்தது. ஆனால் அதனைக் கொண்டு பேசுதல் கூடாது. ஒரு சொற் பேசினாலும், அவ்வொலி வரும் திசையை அளந்து எதிரி விமானத்தின் இருப்பிடத்தைக் கண்டுகொள்வான். ஆகவே அவர்கள் கரையிலிருந்து வந்த வானிலைச் செய்திகளைக் கேட்டார்கள், மறுமொழி கூறவில்லை. நாள்தோறும் வானொலி கேட்கும் நேயர்கள் இந்நிலையை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். கேட்கச் செவி உண்டு, கூறவும் செய்தி உண்டு, ஆனால் வாய் திறந்தால் உயிருக்கு ஆபத்து. ஒரு பகலும் ஓரிரவும் அவ்வாறே கழியும்.

விமானத்தில் வழிகாட்டும் பணியினர், இரவிற் கோணமானியாற் குறித்த மீன்களின் உயரத்தை அளந்து, அளந்த நேரத்தை நுட்பமான கடிகாரத்திற் பார்த்து, அட்டவணைகளைப் புரட்டிக் கணக்கிட்டு, தாங்கள் எவ்விடத்தில் இருக்கின்றோம் என்பதை முடிவு செய்வர். ஒரு மீனால் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு மூன்று மீன்களால் அக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் கிடைக்கும். பகலிற் சூரியன் ஒன்றே துணை. மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை. அப்பொழுது திசையையும் வேகத்தையும் சென்ற நேரத்தையும் கொண்டு மனக்கணக்காகவே வழி பிடிக்கவேண்டும். முன்னாளிற் கடலோடிய மாலுமிகள் செய்த வேலையையே இவர்கள் ஆகாயத்திற் செய்தார்கள்.

இனிப் பொறியின் வலிமையைப் பார்ப்போம். கற்றலீனா இரண்டு இயந்திரங்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலுவுடையது. சிறகின் அகலம் 104 அடி. தோற்றத்திற் பெரிய பறவை. வேகத்தில் மெதுவான பறவை. நிறைந்த பாரத்துடன் நெடுவழி செல்லும்போது அது மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றரே பறக்கும். 5,650 கிலோமீற்றரை 200 ஆற் பிரித்தால் 28 மணித்தியாலமும் 15 நிமிடமும் வரும். இது காற்றே இல்லாத நாளின் கணக்கு.

இருபத்தெட்டு மணித்தியாலம் பறக்கவேண்டுமாயின் அதற்குரிய எரிபொருள் முழுவதையும் விமானமே சுமக்கவேண்டும். இதன் பொருட்டு மேலதிகத் தாங்கிகள் பொருத்தப்பட்டன. தேவையற்றது என்று கண்ட ஒவ்வொரு பொருளும் கழற்றி அகற்றப்பட்டது. இவ்வளவுக்கும் பின்னர் எஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்கும் மட்டுமே. இலங்கைப் பாதையில் ஓடும் சாதாரண பஸ்வண்டி ஒரு தடவையிற் கொண்டு செல்லும் கூட்டத்தை இவ்விமானம் கொண்டு செல்லப் பத்துப் பதினைந்து நாட் பறப்பும் போதாது. அந்த மூவரும் பெரும்பாலும் யுத்தத்தை நடத்தும் பொறுப்பிலிருந்த அதிகாரிகள். ஆசனம் அரிதாயிருந்தமையால், யார் போகவேண்டும் எது போகவேண்டும் என்பதே அரசாங்கம் தீர்க்கவேண்டிய காரியமாயிற்று.

காற்றோ எவர் கட்டளைக்கும் உட்படுவதன்று. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுகிறது என்று வைத்துக் கொள்வோம். மரக்கிளைகளை அசைக்கும் இக்காற்றை நிலத்தில் இருப்போர் பெரிதாக எண்ணார். ஆனால் 200 இல் 25 போக எஞ்சுவது 175. அவ்வேகத்தில் அதே தூரத்தைக் கடக்க 32 மணித்தியாலமும் 17 நிமிடமும் வேண்டும். நான்கு மணித்தியாலம் மேலதிகம்! இது வெறுங் கற்பனைக் கணக்கன்று. இச்சேவையின் மிக நீண்ட பறப்பு 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் எடுத்தது என்பது வரலாறு. அதே காற்று மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் இன்றைய விமானத்தை எதிர்த்தால் அதற்கு ஏற்படும் தாமதம் ஏறக்குறைய பதினொரு நிமிடமே. மெதுவாகச் செல்பவனையே காற்று மிகுதியாக வருத்தும்.

இந்த நான்கு மணித்தியாலத்தின் அருமையை உணர வேண்டுமாயின் எரிபொருளைப் பற்றி மீண்டும் எண்ணவேண்டும். நெடுங்கடற் பறப்பில் ஓர் எல்லைப் புள்ளி உண்டு. அதுவரை, ஏதேனும் பழுது கண்டால் திரும்பி வந்துவிடலாம். அதைத் தாண்டியபின் திரும்ப எரிபொருள் போதாது. முன்னோக்கிச் செல்வதே வழி. அப்புள்ளி கடலிலே நட்ட கல்லன்று. காற்றுக்கேற்ப அது முன்னும் பின்னும் நகரும். ஆகவே விமானத் தலைவன் கணக்குப் போட்டுக் கொண்டே இருக்கவேண்டும். ஓரிடத்தில் மனத்தைத் திடப்படுத்திக் கொண்டு மேலே செல்ல வேண்டும். அவ்வாறு 271 தடவை இச்சமுத்திரம் கடக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தாற் பதினைந்து இலட்சம் கிலோமீற்றருக்கு மேல். ஒரு விமானமும் இக்கடலிற் பலியாகவில்லை.

பயண நேரம் ஒரு நாளினும் நீண்டதால் ஒரு புதுமை நேர்ந்தது. எதிரி நடமாடும் பகுதியை இருளிற் கடக்கத்தக்கவாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானிலே இருக்கும்போது ஒரு முறை சூரியன் உதித்தது. பகல் சென்று இரவு வந்தது. கரை தோன்றுமுன் மீண்டும் சூரியன் உதித்தது. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்கள்! இதனால் இச்சேவை ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே பெயர் பெற்றது. பயணஞ் செய்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்னும் அமைப்பிற் சேர்த்துக்கொண்டதாக ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. அச்சத்தின் நடுவிலும் மனிதனுக்கு நகைச்சுவை தேவைப்படுகிறது.

இவ்விரண்டு உதயங்களுக்கும் இடையிலான நேரம் போக்கிலும் வரவிலும் ஒன்றன்று. கொக்கலைக்கும் பேர்த்துக்கும் நெடுங்கோட்டில் ஏறக்குறைய 35 பாகை வேறுபாடு உண்டு. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் செல்லும். ஆகவே பேர்த்தின் சூரியன் கொக்கலையின் சூரியனை ஏறக்குறைய 2 மணித்தியாலமும் 20 நிமிடமும் முந்திக் கொள்கிறது. கிழக்கு நோக்கிச் செல்பவன் சூரியனை எதிர்கொள்கிறான்; அவனுக்கு நாள் சுருங்கும். மேற்கு நோக்கிச் செல்பவன் சூரியனுடன் ஓடுகிறான். அவனுக்கு நாள் நீளும். புறப்பட்ட ஊரின் கடிகாரத்தையும் சேர்ந்த ஊரின் கடிகாரத்தையும் கழித்துப் பார்த்துப் பயண நேரத்தைக் காண முயல்வோர் ஏமாறுவது இதனாலேயே. இன்றுங்கூட இலங்கைக் கடிகாரத்துக்கும் பேர்த் கடிகாரத்துக்கும் இரண்டரை மணித்தியால வேறுபாடு உண்டு.

யுத்தத்தின் தேவை பொறியின் வலிமையை விரைவில் வளர்த்தது. 1944 ஆம் ஆண்டில் நான்கு இயந்திரங்களையுடைய லிபறேற்றர் விமானங்கள் இம்மார்க்கத்திற் சேர்க்கப்பட்டன. அவை நிலத்திலிருந்து எழுவன. இலங்கையில் இரத்மலானைக்கு வந்திறங்கின. சமுத்திரத்தைக் கடக்கும் நேரம் ஏறக்குறைய 17 மணித்தியாலமாகக் குறைந்தது. சூரியன் ஒரு முறையே உதிக்கப் போதிய பயணமாயிற்று. 1945 ஜூலை 18 ஆந் திகதியுடன் கற்றலீனாச் சேவை நிறுத்தப்பட்டது.

அவ்வைந்து விமானங்களின் முடிவு துயரமானது. யுத்தகாலக் குத்தகைக் கடன் ஏற்பாட்டின் கீழ்க் கிடைத்தவை அவை. யுத்தம் முடிந்தபின் அவற்றைத் தொழிலிற் பயன்படுத்த ஒப்பந்தம் இடந்தரவில்லை. திருவோணமும் அபிசித்தும் கேட்டையும் சித்திரையும் வேட்டுவனின் கால்மீனும் அவுஸ்திரேலியக் கரைக்கப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 271 முறை கடல் விழுங்காத விமானங்களை மனிதனே கடலுக்குக் கொடுத்தான்.

இவ்வரலாற்றில் மறக்கத்தகாத மற்றொரு பக்கமும் உண்டு. கொக்கலை வாவி விமானத் தளமாவதற்கு முன் அதன் கரையிலே ஒரு கிராமம் இருந்தது. தளத்தின் பொருட்டு அக்கிராமத்து மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு நீங்க நேர்ந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அதுவே. உலகின் இரு கோடிகளை இணைத்த அவ்விமானங்கள் புறப்படுவதற்காக, அயல்வீடுகளாய் வாழ்ந்தவர்கள் பிரிந்து போயினர். தூரத்தைக் குறைப்பதற்கு ஒருவர் கொடுக்கும் விலை நேர அட்டவணைகளில் எழுதப்படுவதில்லை.

யுத்தம் முடிந்து வழிகள் திறந்தபோது நேரமும் சுருங்கலாயிற்று. 1947 டிசம்பர் 1 ஆந் திகதி சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட கொன்ஸ்ரலேசன் விமானம் மீண்டும் சிங்கப்பூர் வழியாகவே சென்று நான்கு நாளிற் பயணத்தை முடித்தது. பத்து நாள் நான்கு நாளாயிற்று. பின்னர்த் தாரை விமானங்கள் வந்தபோது அது ஒரு நாளளவாயிற்று.

2018 மார்ச் 24 ஆந் திகதி, அன்று கற்றலீனா இறங்கிய அதே பேர்த் நகரிலிருந்து, அதே நிறுவனத்தின் விமானமொன்று இலண்டனுக்கு நேரே புறப்பட்டது. போயிங் 787 வகையைச் சேர்ந்த அது 236 பயணிகளுக்கு இடமுடையது. தூரம் 14,498 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காமற் பதினேழு மணித்தியாலத்திற் சிறிது கூடிய நேரத்தில் அது இலண்டனை அடைந்தது. 1944 இல் லிபறேற்றர் விமானம் ஒரு சமுத்திரத்தைக் கடக்க எடுத்த அதே பதினேழு மணித்தியாலத்தில், இவ்விமானம் அச்சமுத்திரத்தையும் ஆசியாவையும் ஐரோப்பாவையும் கடந்துவிட்டது. கற்றலீனா 271 பயணங்களிலும் மும்மூன்று பேராகக் கொண்டு சென்றாலும் எண்ணூற்றுப் பதின்மூவரே ஆவர். இப்புதிய விமானம் நான்கு பயணத்தில் அத்தொகையைத் தாண்டிவிடும்.

இதைக் கேட்கும்போது, இனி நேரமும் தூரத்தைப் போல நிலையானதாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. 2024 ஏப்பிரலில் மத்திய கிழக்கிற் போர்ப் பதற்றம் மிகுந்தபோது, ஈரானின் வான்பரப்பைத் தவிர்க்கும் பொருட்டு இப்பேர்த் இலண்டன் விமானம் வேறு வழியிற் செல்ல நேர்ந்தது. வழி நீண்டதால் நிறைந்த பாரத்துடன் ஒரே பறப்பில் இலண்டனை அடைய எரிபொருள் போதவில்லை. ஆகவே அது சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. இலண்டனிலிருந்து திரும்பும் விமானமோ, மேலைக்காற்றின் உதவியைப் பெற்றதால், இடையில் இறங்காமலே பேர்த்தை அடைந்தது. 1942 இற் சிங்கப்பூரை இழந்ததனால் விமானம் நேர்வழி தேடியது. 2024 இல் நேர்வழி அடைபட்டதனால் அது சிங்கப்பூரை நாடியது. எண்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் அதே எரிபொருட் கணக்கு, அதே காற்றுக் கணக்கு, அதே போர்க் கணக்கு.

ஆகவே இரண்டு விமான நிலையங்களுக்கிடையில் எவ்வளவு நேரம் என்று வினவப்படும்போது, விடையாகக் கிடைக்கும் எண்ணின் பின்னால் எத்தனை காரியங்கள் ஒன்றுகூடியிருக்கின்றன என்பதை எண்ணுதல் நன்று. பொறி பழுதின்றி ஓடவேண்டும். காற்று அளவறிந்து வீசவேண்டும். வழியிலுள்ள நாடுகள் ஒவ்வொன்றும் தன் ஆகாயத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதலாவதை அறிஞர் செம்மையாக்கிவிட்டனர். இரண்டாவதை முன்கூட்டியே அறியக் கற்றுக்கொண்டனர். மூன்றாவது மாத்திரம் இன்னும் மனிதனின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கிறது.

பழைய கிராமத்து முதியவர் கூறிய ‘கூப்பிடு தூரம்’ என்ற சொல்லில் ஓர் ஆழ்ந்த கருத்து உண்டு. கூப்பிட ஒருவர் இருக்கவேண்டும்; கேட்டு மறுமொழி கூற மற்றொருவர் இருக்கவேண்டும். இருவர்க்குமிடையிற் பகையிருப்பின் அடுத்த வளவும் கூப்பிடு தூரமன்று. கொக்கலை வாவியிலிருந்து பேச முடியாத வானொலியுடன் எழுந்து, விண்மீன்களை நோக்கி வழிபிடித்து, இரண்டு உதயங்களைக் கண்டு கரைசேர்ந்த அந்த மாந்தர் கடந்த தூரம் 5,650 கிலோமீற்றர். அவர்கள் வானில் இருந்தது ஒரு நாளினும் மிகுதியான நேரம். அந்நேரத்தின் ஒரு பகுதி பொறியினால் விளைந்தது. ஒரு பகுதி காற்றினால் விளைந்தது. ஆனால் அவர்களை நள்ளிருளில், பேச்சின்றி, தீவு கண்டும் இறங்காமற் பறக்க வைத்தது மனிதர் மூட்டிய போரே. பூமியிலுள்ள தூரத்தை எவராலும் குறைக்க இயலாது. மனிதர்க்கிடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது மனிதர் கையிலேயே இருக்கிறது.